விலங்குச் சோதனைக்குக் கணக்கு எங்கே?

தமிழ்நாட்டில் தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். ஆய்வகத்தில் ஒரு நாயையோ குரங்கையோ எலியையோ சோதனைக்கு உட்படுத்தும்போது மேற்பார்வைக் குழு விதித்த நிபந்தனையை மீறினால் 200 ரூபாய் அபராதம். அதுவும் அதிகபட்சத் தொகை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் அன்றைக்கு எழுதிய எண் அது. குழு நினைத்தால் ஒரு நிறுவனத்தின் பதிவை நிறுத்தி வைக்கலாம், சோதனைக்குத் தடை போடலாம் என்பது உண்மைதான். ஆனால் நிபந்தனையை மீறியவர் நீதிமன்றத்தில் நின்றால் கட்டிவிட்டு வெளியே வரும் தொகை இவ்வளவே.

அபராதத்தைவிட நம்மை அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. இந்திய ஆய்வகங்களில் ஓர் ஆண்டில் எத்தனை விலங்குகள் சோதனைக்கு உள்ளாகின்றன, அவற்றில் எத்தனை செத்தன, எத்தனை கடும் வலியை அனுபவித்தன என்ற கேள்விக்கு, பொதுமக்கள் எடுத்துப் பார்க்கும்படியான ஆண்டுக் கணக்கு எதையும் நம் அரசு வெளியிடுவதில்லை. பிரிட்டன் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-இல் அங்கே நடந்த சோதனைகள் சுமார் 26.8 லட்சம். எந்த இனத்து விலங்கு, எதற்காக, எவ்வளவு துன்பம் என்று வகை பிரித்து அச்சிடுகிறார்கள். அதைப் படித்து அந்நாட்டு நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, எண்ணிக்கை ஏறினால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கேள்வி கேட்கவே எண் இல்லை. 'குறைத்து வருகிறோம்' என்று ஓர் அதிகாரி சொன்னால் அதை நம்பவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

இந்த நிலை நம்மைக் கூடுதலாகச் சுடக் காரணம் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணின் பிடிவாதத்தால் வந்தது. கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்று நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். விலங்குகளின் வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே இதைக் கவனிக்கும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகே அதைத் திரும்பப் பெற்றார். அதன்பின் குழு அமைந்து, அரசு மசோதா எழுதி, 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது.

அவர் காலத்து அளவுகோலில் அது துணிச்சலான சட்டம். மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் விலங்கு என்று அது வரையறுக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் ஆய்வுக்கென வளர்க்கும் எலிக்கும் சுண்டெலிக்கும் இடமே இல்லை. ஆய்வகக் கூண்டுகளில் மிகப் பெரும்பான்மை அவைதான் என்பதை நினைத்துப் பார்த்தால் நம் சட்டத்தின் பெருந்தன்மை புரியும். அறுவைக்கு மயக்க மருந்து கட்டாயம், சிறிய விலங்கில் முடிகிற காரியத்துக்குப் பெரிய விலங்கைத் தொடக்கூடாது, வெறும் கைப்பழக்கத்துக்காக எந்த உயிரையும் அறுப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மேற்பார்வைக்கான குழு 1964-இல் அமைந்தது. ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்ய வேண்டும், தனக்கென ஒரு நெறிக்குழு வைத்திருக்க வேண்டும் என்ற இன்றைய ஏற்பாடு 1998 விதிகளிலிருந்து வருவது. எலி, முயல் போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவனத்தின் நெறிக்குழுவே அனுமதி தரலாம். நாய், குரங்கு போன்றவற்றுக்கு டெல்லியில் உள்ள குழுவின் ஒப்புதல் வேண்டும்.

இந்தச் சிறு விலங்குக் கதவு வழியாகத்தான் பெரும் வதை உள்ளே போகிறது.

நம் மருந்தியல் கல்லூரிகளைப் பாருங்கள். எம்.ஃபார்ம் ஆய்வேடு எழுதும் மாணவர்களில் பலர் ஒரு மூலிகையைக் கையில் எடுப்பார்கள். ஆவாரம்பூ, நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகற்காய், ஏதோ ஒன்று. அதன் சாற்றை விஸ்டார் எலிகளுக்குக் கொடுத்து இரத்தச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவேண்டும். அலாக்ஸான் அல்லது ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற வேதிப்பொருளை ஊசியில் ஏற்றினால் அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடும். அழிகிற செல்களிலிருந்து இன்சுலின் மொத்தமாகக் கொட்டும்போது சர்க்கரை சரேலெனத் தாழ்ந்து சில எலிகள் முதல் நாளே சாகும். அதைத் தடுக்கக் குளுக்கோஸ் தண்ணீர் வைப்பார்கள். பிழைத்தவை ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் சிறுநீர் கழித்து, தின்றும் மெலிந்துகொண்டே போகும். குழுவுக்கு 6 எலி, 5 குழு என்றால் ஓர் ஆய்வேட்டுக்கு 30 எலி. சில வாரங்கள் கழித்து எல்லாவற்றையும் கொன்று, கணையத்தையும் கல்லீரலையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் செய்கிற வேலை இது. அவர்களில் எத்தனை பேர் அன்றிரவு சரியாகத் தூங்கினார்கள் என்று எந்த நெறிக்குழுவும் கேட்பதில்லை.

இதனால் யாருக்கு என்ன கிடைத்தது? நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அவர்கள் உடலில் இன்சுலின் சுரக்கிறது, உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அலாக்ஸான் ஏற்றிய எலிக்கோ இன்சுலின் சுரக்கும் செல்லே இல்லை. அது வேறு நோய். வேறு நோயுள்ள எலியில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு மனிதருக்கு மருந்து கண்டுவிட முடியாது, கண்டதாகவும் தெரியவில்லை. அதே செடியின் இலைக்கு ஓர் ஆய்வேடு, வேருக்கு ஓர் ஆய்வேடு, பட்டைக்கு ஓர் ஆய்வேடு. நீரில் எடுத்த சாற்றுக்கு ஒன்று, எத்தனாலில் எடுத்த சாற்றுக்கு இன்னொன்று. ஏதாவதோர் ஆய்விதழ்த் தொகுப்பில் தேடினால் ஒரே மூலிகை திரும்பத் திரும்ப வந்து நிற்பதை யாரும் பார்க்கலாம். வீக்கம் குறைகிறதா என்று பார்க்க எலியின் பாதத்தில் கராஜீனன் ஏற்றி வீங்கவைக்கும் சோதனைக்கும் இதே கதைதான். மனச்சோர்வு மருந்துக்காக, தப்பிக்க வழியில்லாத தண்ணீர்த் தொட்டியில் எலியை நீந்தவிட்டு, அது எப்போது நம்பிக்கை இழந்து மிதக்கிறது என்று நேரம் குறிக்கும் சோதனைக்கும் இதே கதைதான். இவற்றில் பெரும்பகுதியை நாளைக்கே நிறுத்தினாலும் ஒரு நோயாளிக்கும் நட்டமில்லை என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.

விதி இதைத் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். நெறிக்குழுவிடம் தரவேண்டிய விண்ணப்பத்தில், விலங்கு ஏன் தேவை, செல்களை வைத்து இதே ஆய்வு நடந்திருக்கிறதா, இதுபோன்ற சோதனை முன்பு வேறெங்காவது நடந்ததா, நடந்திருந்தால் முடிவு என்ன என்றெல்லாம் கேள்விகள் இருக்கின்றன. கேள்விகள் அருமையானவை. பதில்கள் ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. முந்தைய மாணவரின் விண்ணப்பத்தைப் பார்த்து அடுத்தவர் எழுதுகிறார். குழுவில் பெரும்பான்மையோர் அதே கல்லூரிக்காரர்கள். வழிகாட்டிப் பேராசிரியர் சக ஊழியர். டெல்லி அனுப்பும் பிரதிநிதி ஒருவரும், வெளியிலிருந்து வரும் ஓரிருவரும் எத்தனை விண்ணப்பத்தைத்தான் நிறுத்துவார்கள்? எதிக்ஸ் கமிட்டி கிளியரன்ஸ் என்பது ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்கும் ஒரு தாளாக மாறிவிட்டது.

எதிர்த்தரப்பின் வாதம் எளியதல்ல. மனிதரைக் காப்பாற்றத்தானே இதெல்லாம் என்று கேட்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களில் பலர் குழந்தைகள், இறந்தார்கள். அடுத்த ஆண்டே வந்த சட்டம் மருந்தின் பாதுகாப்பை நிரூபித்த பிறகே விற்கலாம் என்றது. விலங்குச் சோதனை மருந்துச் சட்டங்களுக்குள் வேரூன்றியது அப்படித்தான். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதே டைஎத்திலீன் கிளைகால் 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற ஓர் எலியும் சாக வேண்டியிருக்கவில்லை. ஆலைக்கு வந்த கரைப்பானை வாயு நிறப்பகுப்பியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். ஆய்வாளர் ஒழுங்காக ஆலைக்குப் போயிருந்தால் போதும். பாதுகாப்பு என்ற பெயரில் விலங்குகளைக் கொன்று குவிக்கும் அதே நாட்டில் பாதுகாப்பு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பதை இந்தச் சாவுகள் காட்டிவிட்டன.

விலங்கில் தேறியதெல்லாம் மனிதரிலும் தேறும் என்பதும் இல்லை. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருளை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு முதன்முறையாக ஏற்றினார்கள். குரங்குக்குப் பாதுகாப்பு என்று கண்ட அளவில் 500-இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. உயிர் பிழைத்தார்கள். ஒருவர் விரல்களை இழந்தார். குரங்கின் நோயெதிர்ப்புச் செல்லில் இல்லாத ஒரு வினை மனிதச் செல்லில் இருந்ததே காரணம்.

எல்லாவற்றையும் இன்றே நிறுத்து என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களைப் போன்றோரைக் காப்பாற்றும் ஒரே மருந்து, குதிரையின் இரத்தத்திலிருந்து வருகிறது. வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிடமிருந்து எடுக்கும் நஞ்சை, மருந்து நிறுவனங்கள் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அது உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கின்றன. தயாராகும் மருந்தின் வீரியத்தை அளக்க, நஞ்சும் மருந்தும் கலந்த கலவையைச் சுண்டெலிகளுக்கு ஏற்றி எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுகிறார்கள். வயலில் கடிபட்டுக் கிடக்கும் விவசாயத் தொழிலாளியின் முன் நின்றுகொண்டு இதை நிறுத்து என்று சொல்ல நமக்கு மனம் வராது. இதற்கும் மாற்று வரும் என்ற நம்பிக்கை உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் சேர்ந்து, ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய மனித எதிர்ப்பொருள் நாகம், கட்டுவிரியன் வகைப் பாம்புகளின் முக்கிய நஞ்சு ஒன்றை முறிப்பதை 2024-இல் காட்டின. அந்த எதிர்ப்பொருளையும் சுண்டெலியில்தான் சோதித்தார்கள். ஆனாலும் குதிரையை விடுவிக்கும் பாதை அது. அதற்குப் பணம் வேண்டும், ஆட்கள் வேண்டும், அவசரம் வேண்டும்.

கட்டாயம் வந்தால் அறிவியல் வழி கண்டுபிடிக்கும் என்பதற்கு நம் நாட்டின் வரலாறே சாட்சி. 1950-களில் போலியோ தடுப்பூசிக்காக இந்தியா ஆண்டுதோறும் பெரும் எண்ணிக்கையில் ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்தது. அவற்றின் சிறுநீரகச் செல்களில்தான் அன்று வைரஸை வளர்த்தார்கள். மருத்துவத்துக்கு மட்டுமே என்று சொல்லி வாங்கிய குரங்குகளை அமெரிக்க ராணுவம் கதிர்வீச்சுச் சோதனைக்குப் பயன்படுத்தியது தெரியவந்ததும், மொரார்ஜி தேசாய் அரசு 1978-இல் ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. உலகம் நின்றுவிடவில்லை. இன்று ஊசியில் போடும் போலியோ தடுப்பு மருந்துக்கான வைரஸ், 1962-இல் ஒரு பச்சைக் குரங்கிலிருந்து எடுத்து அன்றுமுதல் கண்ணாடிக் குடுவையில் பெருகிவரும் வெரோ செல்களில் வளர்கிறது. அதே சமயம் நம்மிடம் இன்னும் கூர்மையான முன்யோசனை இல்லை. 2020-இல் கோவாக்சினைச் சோதிக்க 20 ரீசஸ் குரங்குகள் தேவைப்பட்டபோது, நாக்பூர்ப் பக்கத்துக் காடுகளில் போய்ப் பிடித்து வர வேண்டியிருந்தது.

மாற்று வழிகள் இன்று கனவல்ல. ஊறு குறைத்தல், எண்ணிக்கை குறைத்தல், விலங்கையே விலக்குதல் என்று ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் 1959-லேயே நெறி வகுத்துவிட்டார்கள். இந்தியா அதோடு மறுவாழ்வையும் சேர்த்தது. 2016-இல் பெங்களூரு ஆய்வகம் ஒன்றிலிருந்து வெளியே வந்த 156 பீகிள் நாய்கள் வீடுகளுக்குப் போனது அந்தக் கொள்கையால்தான். அழகுசாதனப் பொருள்களை விலங்கில் சோதிக்க 2014-இல் தடை வந்தது. அப்படிச் சோதித்த பொருளை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு தடை வந்தது. நம் அலமாரியிலிருந்து ஒரு முகப்பூச்சும் காணாமல் போகவில்லை. கல்லூரி விலங்கியல் வகுப்பில் தவளை அறுப்பது போயிற்று. விலங்கியல் பட்டதாரிகள் குறைந்துவிடவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்ஃபார்ம் மென்பொருள், முயலின் கண்ணிலும் தவளையின் இதயத்திலும் மாணவர்கள் செய்துவந்த மருந்தியல் பரிசோதனைகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் விலங்குப் பயன்பாட்டுக்கு மாற்றுத் தேடுவதற்கென்றே 2009-இல் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் அமைந்தது. இப்படியொரு மையத்துக்கு இடம் கொடுத்த மாநிலம் நம்முடையது என்பதை எத்தனை மருந்தியல் பேராசிரியர்கள் தம் மாணவர்களிடம் சொல்கிறார்கள்?

2023 மார்ச்சில் இந்திய அரசு புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, மனிதச் செல்களை வைத்து உருவாக்கும் உறுப்புச் சில்லு, முப்பரிமாணத் திசு, கணினி மாதிரி போன்றவற்றின் முடிவுகளையும் ஏற்கலாம் என்றது. சில மாதங்களுக்கு முன்புதான் அமெரிக்காவும் 1938 முதல் இருந்த விலங்குக் கட்டாயத்தை எடுத்திருந்தது. நல்ல திருத்தம். ஆனால் அது வெறும் அனுமதி. மாற்று இருக்கும் இடத்தில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 நெறியாணை கட்டளையிடுகிறது. அங்கீகாரம் பெற்ற மாற்று முறை இருந்தால் விலங்கைத் தொடக்கூடாது என்கிறது. அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆய்வின் சுருக்கத்தையும் சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் வெளியிட வேண்டும் என்கிறது. நம் விதியிலும் இந்த இரண்டு வாக்கியங்கள் ஏற வேண்டும். மருந்தோடு நிற்காமல் பூச்சிக்கொல்லிகளுக்கும் ஏற வேண்டும். விலங்கின் தோலிலும் கண்ணிலும் ஊற்றிப் பார்க்கும் பழைய முறைகளுக்கு, செயற்கையாக வளர்த்த மனிதத் திசுவில் செய்யும் சோதனையை உலக நாடுகள் ஏற்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

மத்திய அரசு 20-ஆவது பிரிவின் 200 ரூபாயை அடித்துவிட்டு, மீறலின் அளவுக்கேற்ற தண்டனையை எழுத வேண்டும். அபராதம் மட்டும் போதாது, பொறுப்பாளரின் பெயரும் மீறலின் விவரமும் வெளியே வர வேண்டும். மேற்பார்வைக் குழு அடுத்த நிதியாண்டிலிருந்தே தேசியக் கணக்கை வெளியிடத் தொடங்க வேண்டும். முன்பே நடந்த சோதனையைச் செடியின் வேறு பாகத்தை வைத்துத் திரும்பச் செய்யும் ஆய்வேட்டுக்கு இனி அனுமதி இல்லை என்று ஒரு சுற்றறிக்கை போதும், ஆயிரக்கணக்கான எலிகள் தப்பும்.

ஆனால் தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், இவற்றோடு இணைந்த கல்லூரிகளும் தங்கள் கூடங்களில் இந்த ஆண்டு எத்தனை எலி, எத்தனை முயல், எத்தனை கினிப் பன்றி எந்தச் சோதனைக்குப் பயன்பட்டன, எத்தனை செத்தன, எத்தனை விண்ணப்பங்களை நெறிக்குழு மறுத்தது என்று தங்கள் இணையதளத்திலேயே போடலாம். வாங்கிய விலங்கு, வளர்த்த விலங்கு, சோதனைக்குப் போன விலங்கு என எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. ஒவ்வோர் அனிமல் ஹவுஸிலும் அந்தப் பதிவேடு இருக்கிறது. அதை வெளியிடத் தேவைப்படுவது ஒரு துணைவேந்தரின் கையெழுத்து.